பதினேழு

சாக்குக் கட்டுகளுக்கு நடுவே லாரியில் வந்து இறங்கியது.
"எலிக்கு ஆச்சு, வச்சுக்குங்க மேடம்" என்றார் ஓட்டுநர்.
பிடித்த முதல் எலியைச்
சிப்பம் தைக்கும் இடத்தில் கக்கி வைத்தது,
கிட்டத்தட்ட எலியாகவே.
கொள்முதல் நிலையத்துக்குப் பூனையும் கிடைத்தது,
எலிகளுக்கும் குறைவில்லை.

பெயர் பதினேழு.
ஈரப்பதம் அதற்குமேல் போனால் நெல்லை வாங்கக் கூடாது.
இதன் வயிற்றிலும் எங்கோ ஒரு கோடு,
தாண்டியதைத் திருப்பி அனுப்பிவிடும்.

பால் கொடுத்தேன், வாசல் நாறியது.
லோடுமேன் அமலதாஸ் டீயில் வறுக்கியை நனைத்து ஊட்டினான்,
அன்றைக்குத் தராசைக் கழுவினோம்.
நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் வரும் பவுலின்
"மீனு ஆவாத பூனைய நான் பாத்ததில்ல" என்று
சூடைத் தலைகளை எறிந்துவிட்டுப் போனாள்.
மறுநாள் நடந்ததைக் கேட்டு
தன் தொழிலுக்கே வந்த அவமானம்போல
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீடாமங்கலம் கால்நடை மருந்தகத்தில் ஜெகபர் அண்ணன்
வயிற்றை அமுக்கிப் பார்த்துப் பூச்சி மருந்து தந்தார்.
"அவிச்ச மீனு. உப்பு கூடாது. மஞ்சள்கூட வேணாம்."
பக்கத்தில் கோழியோடு நின்றவர் பரிதாபமாகக் கேட்டார்,
"வீட்டுக்காரருக்கு அல்சரா?"

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுத ஆரம்பித்தேன்.
செவ்வாய், கெண்டை இரண்டு, முள் நீக்கியது. தங்கியது.
புதன், அதே கெண்டை. தங்கவில்லை.
வியாழன், பாதி.
தணிக்கைக்கு வந்த அதிகாரி புரட்டிப் பார்த்து
"இது யார் கணக்கு?" என்றார்.
நான் வாய் திறப்பதற்குள் மழை வந்து காப்பாற்றியது.

அந்த மழைதான் எட்டு நாள் விடவில்லை.
குறுவை நெல் சாலை ஓரமாகத்
தார்ப்பாய்க்கு அடியில் வியர்த்துக் கிடந்தது.
பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.
கருவி காட்டியதைச் சொல்லிச் சொல்லி
என் வாயே கசந்தது.

டோக்கன் அறுபத்திரண்டு, இளஞ்சேரன், பூவனூர்.
குவியலைக் காத்துக்கொண்டு டிராக்டர் பெட்டியில் படுத்தான்.
இரவில் மூன்று செங்கல் கூட்டி
தகர டப்பாவில் வாய்க்கால் மீனை அவித்தான்.

என் பூனை அங்கே போயிருந்தது.
குடையோடு நின்று பார்த்தேன்.
சுண்டுவிரல் அளவு வைத்தான்.
ஒரு பீடியை முழுசாகக் குடித்து முடித்தான்.
மறுபடி சுண்டுவிரல் அளவு.
பூனை திட்டியது, அவன் காதில் வாங்கவில்லை.
"மொத்தமா மடையத் தொறந்தா வரப்பு நிக்குமா மேடம்?
எங்க பாப்பாவும் இப்புடித்தான் கக்கும்."
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.
காலையில்தான் அவன் நெல்லைத் திருப்பியிருந்தேன்.

அன்று கக்கவில்லை.
மறுநாளும்.

ஒன்பதாம் நாள் வெயில்.
பரப்பிய நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு வந்தான்.
வெதுவெதுப்பான இடம் பார்த்துப் பூனை சுருண்டிருந்தது,
அதை விட்டுச் சுற்றிக் கிளறினான்.
கருவியில் பதினேழு புள்ளி ஆறு.
வேறு மூலையில் அள்ளினேன். புள்ளி மூன்று.
அமலதாஸ் வானத்தைப் பார்த்தான்,
வடகிழக்கில் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது.
பூனையைத் தூக்கி ஓரமாக விட்டு
அது படுத்திருந்த இடத்தில் ஒரு கை அள்ளினேன்.
பேனாவால் எழுதினேன்,
முன்பக்கத்தில்.

இப்போது நாளைக்கு ஆறு தடவை,
சுண்டுவிரல் அளவு.
மறந்தால் மேசையில் ஏறி
எழுதிக்கொண்டிருக்கும் பட்டியல்மேல் உட்காருகிறது.
நேற்று நான் வந்து பூட்டைத் திறக்கும்போது
வேலி ஓரம் நின்று குமட்டிக்கொண்டிருந்தது.
சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்,
குனிந்து குச்சியால் கிளறிப் பார்த்தேன்.
அறுகம்புல்.
புல் மட்டும்தான்.